பதினான்கு மீட்டர்

ஷுவைக் தொழிற்பேட்டை. வியாழன் இரவு
பன்னிரண்டு தாண்டியும் சூடு இறங்கவில்லை.
ரூபஸின் ஒர்க்‌ஷாப் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள்.
நடுவில் எண்பத்தேழு மாடல் கப்ரீஸ்,
கல்யாண வீட்டில் கால் நீட்டிப் படுத்த தாய்மாமனைப்போல்
ரெண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு.

"இதை ஸ்டார்ட் பண்ணினா
அடுத்த தெரு ஹாரிஸ் எழும்பிக் கேட்டைத் திறப்பான்"
என்கிறான் ரூபஸ்.
கார்புரேட்டரை மடியில் வைத்து
மீனின் செவுளைப் புரட்டுவதுபோல் புரட்டுகிறான்.
குளச்சல்காரன். மீனும் தெரியும்.

நைனாவுக்கு டாட்சன் வானெட்.
வஃப்ராவிலிருந்து தக்காளி ஏற்றிய வண்டி,
காலடியில் ஓட்டை.
"ஸ்பீடோமீட்டர் எதுக்கு? குனிஞ்சு ரோட்டைப் பாத்தா போதும்."
பதினொரு வருடமாக இதே ஜோக்.
அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்போம்.

தயாபரன் பேசமாட்டான். பேசினால் மொரிஸ் மைனர்.
"பெற்றோல் வராத காலம்.
போத்தல் மூடியால ரெண்டு சொட்டு உள்ளுக்க விட்டு
எழுப்பிப்போட்டு, மண்ணெண்ணெயில ஓடினனாங்கள்.
பின்னால போற ஆளுக்கு
ஆரோ அடுப்பு மூட்டின மணம்."
பிறகு ஸ்பானரைத் துடைக்கத் தொடங்குவான்.
அந்தக் கார் இப்போது எங்கே என்று
யாரும் கேட்பதில்லை.
ஒருமுறை கேட்டிருக்கிறோம்.

நான் ரெக்கவரி ஓட்டுகிறவன்.
என் முறை வரும்போது போன் வந்துவிடும்.

கல்ஃப் ரோட்டில், கடலைப் பார்த்தபடி
எலுமிச்சை மஞ்சளில் ஒரு போர்ஷே.
எழுநூறு குதிரையும்
ஓர் ஆணியின் முன் மண்டியிட்டிருந்தன.
ஸ்டெப்னி கிடையாது, எடையாம்.
பக்கத்தில் மிஷாரி, இருபத்துமூன்று வயது,
வெள்ளைக் கந்தூராவில் கிரீஸ் படாமல் நிற்கத்
தெரியாமல் நின்றான்.

ஏற்றும்போது ஸ்டியரிங்கில் நான்தான்.
எப்போதும் நான்தான்.
ஏற ஏழு மீட்டர், இறங்க ஏழு மீட்டர்.
ஃபெராரி, லம்போர்கினி, பெயர் வாயில் நுழையாத ஒன்று,
எல்லாம் சேர்த்து நூற்றைம்பது இருக்கும்.
ஒரு நாள் சிக்னலில் கணக்குப் போட்டேன்:
இரண்டு கிலோமீட்டர், நூறு மீட்டர்.
அவ்வளவும் முதல் கியரில்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பழசின் மேல் எனக்கு மயக்கம் கிடையாது.
பழசு நடுரோட்டில் நின்றதால்தான் எனக்குச் சோறு.
புதுசு வேறு ஜாதி.
கால் வைக்கலாமா என்று நான் யோசிப்பது
அதற்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.
என் முதலாளிக்குக்கூட அது தெரியாது.

ஒர்க்‌ஷாப்பில் இறக்கினேன்.
ரூபஸ் டார்ச்சோடு தரையில் படுத்துவிட்டான்.
"பிரேக் டிஸ்க்கைப் பாருடே,
பந்திக்குச் சோறு வடிக்கிற தட்டு!"
தயாபரன் பானட்டில் ஒரு விரலை மட்டும் வைத்து
எடுத்துக்கொண்டான்.
நைனா விலை கேட்டு, தினாரை ரூபாயாக்கி,
பாதியிலேயே விட்டுவிட்டான்.

மிஷாரியைக் காணோம்.
கப்ரீஸின் முன் சீட்டில் கிடந்தான்,
இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை
வழுக்கிப் போவதும் வருவதுமாக.
"என் அப்பாவுடையது பச்சை" என்றான் அரபியில்.
"பின் சீட்டில் நாங்கள் ஆறு பேர்."

பஞ்சர் போட்டு முடித்ததும்
தலையைத் திருப்பாமலே என்னிடம் கையசைத்தான்:
ரவுண்டானா வரை போய்ப் பார்த்து வா.

ரவுண்டானா வரை.

போனேன். வழியில் ஆறு வேகத்தடை.
ஒவ்வொன்றிலும் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டேன்,
உரசினால் என் வயிறு உரசட்டும் என்பதுபோல்.
ரெண்டாவது தடைக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்
கொஞ்சம் அழுத்தினேன்.
என் முதுகு சீட்டுக்குள் போனது,
வீட்டுக் கடன், விசா, எல்லாம்
அரை நொடி தாமதமாக வந்து சேர்ந்தன.

திரும்பி வந்து இறங்கினேன். யாரும் எழுந்து வரவில்லை.
கப்ரீஸின் முன் சீட்டில் நான்கு பேரும் நெருக்கிக்கொண்டு,
ஸ்டியரிங்கில் தயாபரன்,
எஞ்சின் இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு.
நைனா அரபியில் எதையோ முடித்தான்.
குனிந்து காலடியைக் காட்டினான்.

மிஷாரி விழுந்து விழுந்து சிரித்தான்,
முதல் தடவை கேட்கிறவன்.