ஙகரத்துக்கு வேலை கிடைத்தது

அல்பேர்ட்டாவில், புரூக்ஸ் நகரில்,
மாட்டிறைச்சி ஆலையின் பின்நேர ஷிப்டில்
எனக்கு இடப்பக்கம் நபின்து நிற்கிறாள்.
நான் கொழுப்பைச் சீவுகிறேன், அவள் சவ்வை உரிக்கிறாள்.
காதில் அடைப்பான், கையில் கம்பிவலைக் கையுறை.
ஆங்கிலம் எங்கள் இருவருக்கும்
இன்னும் கால் கடிக்கிற சப்பாத்து.

முதல் சொல் கொக்கியில் தொங்கிக்கொண்டே வந்தது.
கத்தி முனையால் காட்டினாள்:
ஙோம்பே.
மாடு.
மூக்கில் தொடங்கி, உதட்டில் மூடித் திறக்கிற சொல்.
சூப்பர்வைசரின் வாயில் அது நிற்கவில்லை.
எனக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது.
எழுதி எழுதிப் பழகியும்
ஒரு சொல்லைக்கூடத் தொடங்கித் தராமல்
ககரத்தின் நிழலில் சும்மா குந்தியிருந்த எழுத்து.
அதற்கும் இங்கே வந்துதான் வேலை கிடைத்தது,
எனக்குக் கிடைத்த அதே ஆலையில்.

பன்னிரண்டு நிமிட இடைவேளை.
கிழித்த பெட்டி அட்டையில் எழுதிக்கொள்வேன்.
ஞாமா, இறைச்சி.
கீசு, கத்தி.
சாய். இதற்குப் பொருள் எழுதவில்லை.
காக்கா, சகோதரன்.
மன்னாரில் சலாகுதீனை நாங்களும்
காக்கா என்றுதான் கூப்பிட்டோம் என்றேன்.
நம்பவில்லை. நான் திருடினேன் என்கிறாள்.

கடைசிக்கு முந்திய அசையில் அழுத்து,
ப-வைக் கொஞ்சம் கனமாகச் சொல்:
பரீடி. குளிர்.
கார் நிறுத்துமிடத்தில், இரவு ஒரு மணிக்கு,
பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்றில்,
எனக்கு அது பரிதி என்று கேட்டது.

மூன்று மணிக்கு வேலை என்றேன்.
இல்லை, ஒன்பதுக்கு என்றாள்.
சண்டை பிடித்தோம்.
அவள் மொழியில் விடிந்த பிறகுதான் எண்ணத் தொடங்குவார்களாம்.
நமது ஏழு அவர்களுக்கு ஒன்று.
மார்கழியில் எட்டு மணிக்கும் எழும்பாத இந்த ஊர்ச் சூரியனுக்கு
யார் அதைப் போய்ச் சொல்வது?

விரலில் கத்தி பட்ட அன்று
போலே, என்றாள்.
மன்னிப்பு அல்ல. அவள் வெட்டவில்லையே.
வலிக்கிறவரைப் பார்த்துச் சொல்லும் சொல்.
எதைப் போலே என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

மாசியில் அவளுடைய வலக்கை விறைத்தது.
ஆலையின் தாதி
தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டாள்.
இசை. காத்திருங்கள். மறுபடி இசை.
நீ அவளோடு கதைக்கிறவள்தானே என்று
என்னை இழுத்துவந்தார்கள்,
ஐம்பத்துமூன்று சொற்களோடு.

தாதி கேட்டாள்: இங்கே வேலைக்கு வர முன்
இந்த வலி இருந்ததா?

கை என்னிடம் இருந்தது: ம்கோனோ.
வலிக்கிறது இருந்தது: இனவூமா.
'முன்' இல்லை.
உப்பு, கதவு, கிழமைகள் ஏழும் பாடமாக்கியவள்
'முன்' படிக்கவில்லை.
படிவத்தில் அந்த ஒரு கட்டத்துக்குத்தான் காசு.

நேற்று என்றால் ஜானா.
ஜானா, ஜானா, ஜானா என்று
கையைத் தோளுக்குப் பின்னால், சுவருக்குப் பின்னால்,
சமுத்திரத்துக்கு அப்பால் வரை வீசினேன்.
இனவூமா?

நபின்து கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
ஹப்பானா. இல்லை.
பிறகு ஆலையின் திசையைத் தாடையால் காட்டி
ஙோம்பே, என்றாள்.

அதை எப்படி எழுதுவது என்று தாதி கேட்டாள்.
மாடு வந்த பிறகு என்று எழுதச் சொன்னேன்.

வெளியே வந்ததும், விறைத்த கையை அக்குளில் வைத்தபடி
அந்தச் சொல்லைத் தந்தாள்: கப்லா. முன்.
பத்துத் தடவை சொல்ல வைத்தாள்.
ஒரு வசனத்தில் சொல்லு என்றேன்.
கப்லா யா வீட்டா.
வீட்டுக்கு முன் என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த நாள்
இரண்டு விரலால் துவக்குப் பிடித்துக் காட்டித் திருத்தினாள்.
வீட்டா என்றால் போர்.
அழிக்கப் பார்த்தேன். அட்டை நனைந்திருந்தது,
மை உள்ளே இறங்கிவிட்டது.