ஒழுக்கு

கல்முனைப் பிரதான வீதியில் மூன்று மாடிப் புடவைக் கடை.
மேல்மாடியில், கல்யாணச் சட்டைகள் தொங்கும் மூலையில்
ஒரு வாளி.
சொட்டும் சத்தம் கேட்காதிருக்க
உள்ளே ஒரு துணி.
போன மாரியில் வைத்தது, இன்னும் எடுக்கவில்லை.

"இதுக்கு நேர் மேலதான் ஓட்டை" என்றார் ஆதம்லெவ்வை ஹாஜியார்.
பத்தொன்பது வருசம் இந்தத் தொழிலில் நிற்கிறேன்,
நேர் மேலே இருந்ததே இல்லை.
தண்ணீர் எங்கோ நுழைந்து
சிலாப்பின் வயிற்றுக்குள் கம்பி பிடித்து நடந்து
தனக்கு வசதியான இடத்தில் இறங்கும்.

ஏறிப் பார்த்தேன். கச்சான் வீசும் பகல்,
கொங்கிறீற்று கால்வைக்க விடவில்லை.
எனக்கு முன் வந்தவர்கள் அடுக்கடுக்காய் அங்கே இருந்தார்கள்:
சீமெந்து பூசியவர்,
அதன்மேல் தார் ஊற்றியவர்,
அதன்மேல் வெள்ளைப் பூச்சு, பாம்புச் செட்டைபோல் உரிந்து.
மச்சான் ஒருவரின் யோசனையில்
தகடு போட்டும் மூடியிருக்கிறார்கள்.
மார்கழிக் காற்று இரண்டு தகட்டைக் கழற்றி
பஸ் நிலையப் பக்கம் எறிந்ததாம்.
ஆணி போன துளைகள் மிச்சம்.
மழைநீர்க் குழாயின் வாய்க்குள் கையை விட்டேன்,
காகக்கூடு; அதில் பாதி எங்கள் ஹாஜியாரின் சட்டைத் தூக்கிகள்.

அதுவுமில்லை.

பன்னிரண்டு தூண், தூணுக்கு நாலு கம்பி,
நாலாம் மாடி இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று
இடுப்புயரத்துக்கு நிற்கின்றன.
சோடாப் போத்தல் கவிழ்த்திருக்கிறார்கள்,
வெயிலில் அது வெடித்துப்போயிற்று.
கடலுப்பு தின்று கொழுத்த துரு
ஒவ்வொரு கம்பியின் அடியிலும் சீமெந்தை நெம்பியிருந்தது.
நகத்தால் கிளறினேன். பொரிந்தது.

"வெட்ட வேணும்."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி, மடித்து, திரும்பப் போட்டார்.
"மூத்தவளுக்கு சாய்ந்தமருதில வளவும் வீடும்.
நடுவிலாளுக்குப் பின்கடை.
இது கடைசிக்கெண்டு விட்டது."
நாற்பத்தெட்டுக் கம்பியையும்
பிள்ளைகளை எண்ணுவதுபோலப் பார்த்தார்.

கடைசி ஜெஸீமா படியேறி வந்தாள், கையில் பில் புத்தகம்.
"ஆரு வாப்பா நாலாம் மாடி கேட்ட?
நனைஞ்ச முப்பத்தாறு சாரிக்கும் நான்தான் கழிவு எழுதின."
பிறகு என்னிடம்:
"பிறகு கட்டிறெண்டா துளைச்சுக் கம்பி நடேலாதா?"
ஏலும் என்றேன். துளையின் ஆழம், பசையின் விலை.
புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டாள்.
அவர் கீழே போனார். 'வெட்டு' என்று சொல்லவில்லை.
சொல்லாமல் போனதுதான் சொன்னது.

டிலக்சன் கிறைண்டரைப் போட்டான்.
பொறி பறந்து மதிலில் முட்டி அணைந்தது.
பழைய பூச்செல்லாம் சுரண்டி
குழாய்ப் பக்கம் சரிவு எடுத்து
மூலைகளை உருட்டிப் பூசி, காயவிட்டு,
தார் விரிப்பை நெருப்பால் உருக்கி உருக்கி
ஒன்றின்மேல் ஒன்று நாலங்குலம் ஏற்றி ஒட்டினோம்.
மதிலிலும் ஒரு முழம் ஏற்றினோம்.
தண்ணீர் திருடன்தான், மூலையால்தான் வருவான்.

பிறகு குழாயை அடைத்து
பவுசரால் இரண்டங்குலம் தண்ணீர் நிரப்பினேன்.
இரண்டு நாள்.
ஒரு கொக்கு வந்து இறங்கி
மீனில்லை என்று கண்டு போயிற்று.
இரவில் கீழே, வாளிக்குப் பக்கத்தில் படுத்தேன்.
துணி காய்ந்து விறைத்திருந்தது.

மூன்றாம் நாள் சுபஹுக்குப் பிறகு ஹாஜியார் வந்தார்,
சாறனை உயர்த்திப் பிடித்துத் தண்ணீருக்குள் நடந்தார்,
மதிலோரம் நின்றார்.
அங்கே பன்னிரண்டு தூணுக்கும்
அளவெடுத்து நான் சோக்கால் குறித்திருந்தேன்,
அடியும் அங்குலமும்.

ஒவ்வொன்றாக வாசித்தார்.
"சோக் மழையில போயிரும் தம்பி.
பெயின்ற்ல எழுதுங்க."

பெயர்ப்பலகை எழுதி மிஞ்சிய பச்சை
படிக்குக் கீழே இருந்தது.