பின்னணிச் சிரிப்பு

புதுவயலில் அரிசி ஆலைகளுக்குப் பின்னால்
மாடியறை ஒன்றில் இருக்கிறது
இந்தப் பக்கத்தின் இருபத்துநாலு மணிநேரச் சிரிப்பு.
இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மேசைவிசிறி,
தவிட்டுத்தூசு படிந்த நாலு ஹார்டு டிஸ்க்.
அட்டவணை போடுகிறவள் நான்.

அதிகாலை ஐந்துக்கு
இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்காகப்
பேச்சே இல்லாத காமெடி.
அவர்கள் காது இன்னும் ஆலைக்குள்ளேதான் இருக்கும்.
பதினொன்றுக்கு மாமியார் பகடி,
மாமியார்கள் கோயிலுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து.
உச்சியில் விருந்துக் காட்சி போட்டால்
காரைக்குடியிலிருந்து ஒரு சர்க்கரை நோயாளி
கூப்பிட்டுத் திட்டுவார்.
கடன்காரனுக்கு ஒளிகிற காட்சிகளை
மாதக் கடைசியில் தொடுவதில்லை.
வழுக்கி விழுவதை எப்போதும் போடலாம்,
ஐப்பசி தவிர.

கீழே ஓடும் எழுத்து என் கையில் இல்லை.
அது நாச்சியப்பன் அண்ணனின் வருமானம்.
பூப்புனித நீராட்டு, மனை விற்பனை,
காணாமல்போன பசு, கண்ணீர் அஞ்சலி.
மேலே ஒருவன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுவான்,
கீழே ஒருவர் இறைவனடி சேர்ந்திருப்பார்.

பழைய துணுக்குகளில் சிரிப்பொலி கிடையாது.
எங்கே சிரிப்பதென்று
ஜனங்களுக்குத் தெரியாமல் போகுமோ என்று
அண்ணனுக்கு ஒரு சந்தேகம்.
கேபிள் சுருளோடு வந்த லைன்மேன் பூமிநாதனை
உட்காரவைத்து, மைக்கை நீட்டி,
தானும் எதிரே உட்கார்ந்து
"சிரிய்யா" என்றார்.
வரவில்லை.
இருமினார். தண்ணீர் குடித்தார்.
"எதுக்குண்ணே சிரிக்கணும்?" என்றார்.
அந்த நேரம் பார்த்து
அண்ணன் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி
கால் ஒடிந்தது.

பதினோரு விநாடி.
அதைத்தான் வெட்டி, ஒட்டி, இழுத்து, இரட்டித்து
ஐந்து வருஷம் ஓட்டினேன்.
கூட்டம் வேண்டுமென்றால் ஏழு பூமிநாதன்.
புன்னகை போதுமென்றால்
கடைசியில் அவர் மூச்சு வாங்குகிற அந்த இரண்டு விநாடி.

போன ஆவணியில்
கண்டனூர் ரோட்டில் கம்பம் ஏறியவரை
இறக்கித்தான் கொண்டுவந்தார்கள்.
நாலு மணிக்குக் கீழே அவர் பெயர் ஓடியது,
துணைக்கால் விட்டுப்போய்,
பூமிநதன் என்று.
மேலே ஏழு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

கருமாதிக்கு மறுநாள்
அவர் மனைவி அழகுமீனாள் கூப்பிட்டார்.
நிறுத்தச் சொல்வார் என்று
விலைக்கு வாங்கிய வேறொரு சிரிப்பைத்
தயாராக வைத்திருந்தேன்.
"நிறுத்த வேணாம் தாயி.
கொறைச்சுப் போடு.
அந்த மனுசன் இம்புட்டுச் சிரிக்கிற ஆளில்ல.
கேக்கிறவுக தப்பா நெனைக்கப் போறாக."

அன்றிரவு அட்டவணையைப் புதிதாய்ப் போட்டேன்,
அவரிடமே கேட்டுக் கேட்டு.
மாமியார் பகடிக்குச் சிரித்ததே இல்லையாம்.
குடிகாரன் வந்தால் எழுந்துபோய்விடுவாராம்.
திக்குவாய்க்காரனைக் கேலி செய்தால்
டிவியையே அணைப்பாராம்,
தன் சொந்தச் சிரிப்பு ஓடுகிறதென்று தெரிந்தும்.
ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
ஒரு போன்கூட வரவில்லை.
அண்ணன் மட்டும் கேட்டார்,
"சத்தம் கம்மியா இருக்கே, வயர் போச்சா?"
ஆமாம், வயர்தான் என்றேன்.

மிச்சமிருப்பது ஓரிடம்.
இரவு இரண்டு பத்துக்கு,
விளம்பரம் எட்டிப் பார்க்காத வேளையில்,
எனக்கும் பெயர் தெரியாத ஒரு நடிகர்
மீசையை நீவிக்கொண்டு
பெரிய மனுசனாய் நாற்காலியை இழுத்து
உட்காருவார்.
பிறகு பதினோரு விநாடி,
வெட்டாமல், ஒரே ஆள்.

கண்டனூர்ப் பக்கம் அந்நேரம்
விளக்கு எரிகிறதா என்று
இந்த மாடியிலிருந்து தெரியாது.
லைன்மேன் வீட்டுக்கு இணைப்பு இலவசம்.
இருந்தும் அந்த வீட்டுச் சந்தா
மாதம் தவறாமல் வருகிறது.