முதல் வரிசை

கடலடிக் கம்பியை எதுவோ அறுத்துவிட்டது.
பனிப்பாறையா, இழுவைப் படகின் இரும்பா
என்று நூக்கில் விசாரிக்கிறார்கள்.
எங்களுக்கு மிச்சம்
வானத்திலிருந்து தொங்கும் ஒரு நூல்.
விநாடிக்கு எட்டு மெகாபிட்,
தொள்ளாயிரம் பேருக்கு.

கிரீன்லாந்தின் இந்த மூலைக்கு ஒரே தீச்சுவர்
என் மேசைக்கு அடியில் இருக்கிறது.
பேர்தான் தீ.
கம்பளிக் காலுறையோடு பாதம் வைத்தால்
கொஞ்சம் வெதுவெதுப்பு.
பகல் பன்னிரண்டு மணி இருட்டில்
ஊரை வரிசையில் நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

திறந்து பார்த்தால்,
ஒவ்வொரு பொட்டலமும் தன் நெற்றியில் தானே
அவசரம் என்று எழுதிக்கொண்டு வருகிறது.
மீன் ஆலையின் கேமரா அவசரம்.
பள்ளிக்கூடத்துப் பிரிண்டர் அவசரம்.
பாதிரியார் வீட்டு ஜெர்மன் காபி மெஷின்
மகா அவசரம்.
எல்லாரும் பல்லக்கில் ஏறிவிட்டால்
தூக்குகிறவன் எங்கே?
நெற்றிகளை அழித்தேன்.
சுழியம், சுழியம், சுழியம்.
இனி நான் எழுதுவதுதான் தலையெழுத்து.

குரல் முதலில். யார் குரலானாலும் சரி,
அதற்குள் தரம் பிரிக்கக் கை வரவில்லை.
அடுத்தது மருத்துவமனைப் படங்கள்.
கடையின் அட்டை இயந்திரம்,
அதற்கு வேண்டியது ஒரு கைப்பிடி பைட்.
மீன் ஆலை மூன்றில்.
விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் கீழே,
மிச்சம் இருந்தால்.
நேற்றிரவு மகன் நுகா
உருளைக்கிழங்கை மட்டும் பார்த்தபடி
சாப்பிட்டு எழுந்து போனான்.

பன்னிரண்டே காலுக்கு உயர்னெராக் கூப்பிட்டார்,
ஓல்போரிலிருந்து.
எதிரில் வாங்குகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களாம்.
ஆலையிலிருந்து ஹேலிபட் படங்கள் வந்து சேரவில்லையாம்.
மூன்றாம் வரிசை, என்றேன்.
என் மீன் மூன்றாவதா?
மீன் இல்லை, மீனின் படம்.

அவர் படங்களுக்கு முன்னால்
எக்ஸ்ரேக்கள் போய்க்கொண்டிருந்தன.
மூன்றாம் அறையிலிருந்து, ஆறு,
கோபன்ஹேகனுக்கு.
ஒரு மணிக்குச் சற்று முன்பு
அதே அறைக்கு அங்கிருந்து ஓர் அழைப்பு.

என்னால் கேட்க முடியாது. எல்லாம் பூட்டிய பொட்டலம்.
எடை மட்டும் தெரியும்.
இருபது மில்லி விநாடிக்கு ஒன்று,
வண்டி தவறாமல்.
முதலில் அங்கிருந்து கனமாக வந்தன.
இங்கிருந்து இரண்டொன்று கனமாகப் போயின.
மறுபடி அங்கிருந்து, நீளமாக.
பிறகு
இரண்டு பக்கமும் இளைத்துவிட்டன.

யாரும் பேசவில்லை.
யாரும் வைக்கவும் இல்லை.

மௌனத்தையும் அளந்து கட்டி
இருபது இருபதாக அனுப்புகிறது தொலைபேசி.
அதன் நெற்றியில் என் கையெழுத்து: குரல்.
வாசலில் ஹேலிபட் ஒதுங்குகிறது,
வங்கி ஒதுங்குகிறது,
நாற்பது வீடுகளின் வானிலை அறிக்கை ஒதுங்குகிறது,
ஒன்றும் சொல்லாத ஒன்று
முந்திக்கொண்டு போகிறது,
விண்வெளிவரை ஏறி, கோபன்ஹேகனில் இறங்குகிறது.

இதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது பட்டியலில்:
ஐந்து நிமிடம் சத்தமில்லாத அழைப்பைக்
கீழே இறக்கவா?
'ஆம்' என்பதில் குறி
தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.
நான் அதை எடுத்தேன்.
வேறொன்றும் செய்யவில்லை.
என்ன செய்வது என்றும் தெரியவில்லை.
மூன்றாம் அறையில் யார் என்று
பார்த்தால் தெரியும், ஊர் அவ்வளவுதான்.
நான் பார்க்கவில்லை.

பதினேழாம் நிமிடத்தில்
இங்கிருந்து ஒரே ஒரு கனம்,
இருமலாக இருக்கலாம், ஒரு பேராக இருக்கலாம்.
மறுபடி மெலிவு.

மீன் வாங்க வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.
உயர்னெராக் திரும்பக் கூப்பிட்டார்.
நான் யார், என் வேலை என்ன,
என் பெட்டியைக் கடலில் எங்கே போடலாம்,
எல்லாம் சொன்னார்.
வானம் ஏறி இறங்க அரை விநாடி.
அதற்கு மேல் ஓர் இமைப்பொழுதுகூடத்
தாமதமில்லாமல்,
ஒரு சொல்லும் சிந்தாமல்
வந்து சேர்ந்தது, முதல் வரிசையில்.