வடியாதது

காலாப்பட்டில் என் பாதி.
கடலூர் முதுநகரில் சவரிநாதனின் பாதி.
நடுவே ஒரு போன்.
அவரவர் துகளை அவரவர் தொடலாம்,
கண்டதைச் சொல்லலாம்.
அவ்வளவுதான் அனுமதி.

ஒரு ஜோடியைச் சோதித்து அழித்தால்தான்
இன்னொன்றை நம்பலாம்.
"பூஜ்யம்," என்றேன்.
"இங்கே ஒன்று."
இரண்டையும் கழித்தோம்.
நூறு நாற்பதாகி, பதினொன்றாகி,
மிஞ்சியதிலும்
அதே கலங்கல்.

சிப்காட் பக்கக் காற்று, ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறேன் என்று போனான்.
அதற்குள் கணக்கு முடிந்துவிட்டது:

பிணைப்பு இருக்கிறது.
லட்சம் ஜோடி கொட்டினாலும்
இந்த எளிய கைகளுக்கு
அது ஒரு சொட்டுகூட வடியாது.

கொக்கி மாட்டும் சத்தம்.
செருப்பு.
"ம்... அடுத்தது?"

"ஒன்று," என்றேன்,
கருவியைப் பார்க்காமலே.