ஒரு கூடு குறைகிறது

காலை ஐந்தே காலுக்குக்
கம்பி ஜன்னல் வழியே அதை வாங்குவேன்.
கைப்பிடியின் அடியில் 417.
தோட்டா ஐந்து. எண்ணிக் கையெழுத்து.
இரவு ஏழுக்குத் திருப்பும்போது
மறுபடி ஐந்து, மறுபடி கையெழுத்து.
ஆறு வருஷத்தில் ஒருநாளும்
கணக்கு நான்கு ஆனதில்லை.

வலது இடுப்பில்
உறையின் விளிம்பு அரைத்த கறுப்புத் தழும்பு.
நீச்சல் குளத்தில் பார்த்துவிட்டுத் தங்கை
"என்ன கடிச்சது?" என்றாள்.
சம்பளம், என்றேன்.

பிடோக் கடைத்தொகுதியில்
பணப்பெட்டி மாற்றும் பத்து நிமிஷம்
சுவரில் முதுகு, கூட்டத்தில் கண்.
தள்ளுவண்டியிலிருந்து ஒரு பையன்:
"அக்கா, அது நிஜமா?"
நிஜம்தான்.
"சுட்டிருக்கீங்களா?"
காகிதத்தை.

இந்தச் சனிக்கிழமையும் காகிதம்தான்.
போட்டிக்கு ஒரே விதி:
தினமும் கட்டுவதையே கட்டி வா.
விமான நிலையப் பிரிவுக்குப் புதுப் பிஸ்டல்,
பதினைந்து தோட்டா, வெண்ணெய் போல விசை.
எனக்கு இந்தக் குட்டை ரிவால்வர்.
இழுக்க
நனைந்த ஜீன்ஸ் பிழிகிற பலம் வேண்டும்.

ஹிதாயா கையை உயர்த்தினாள்.
பீப்.

கத்தியோடு ஒருவன். இரண்டு.
தூணுக்குப் பின் இன்னொருவன். இரண்டு.
கதவுச் சட்டத்தில் ஒருவன், கையில் கறுப்பாக ஏதோ...
போன்.
விரல் தானாக வெளியே வந்து
சட்டத்தின் மேல் நீண்டு படுத்துக்கொண்டது.
கடைசிச் சுவருக்கு அப்பால்
ஒரு பெண்ணின் தோளுக்கு மேலே அரை முகம்.
அவள் கையில் காய்கறிப் பை.
பையிலிருந்து வெங்காயத் தாள் எட்டிப் பார்த்தது.

அச்சடித்தவன் அதை ஏன் வரைந்தான்?

நின்றேன்.
"சுடு லா, செண்பா!" பின்னால் இன்பராஜ்.
ஒன்று. அரை முகத்தின் காது போயிற்று.
உருளையைத் திறந்து உள்ளங்கையால் ஒரு தட்டு,
ஐந்து கூடும் கீழே,
வேக நிரப்பியைச் செருகித் திருகி,
மறுபடி இழுத்து,
எல்லாம் முடிந்தபோது
காய்கறிப் பையில் ஓர் ஓட்டை.

ஐந்து விநாடி தண்டம்.
பதினான்கு பேரில் பதினொன்றாம் இடம்.

அது பரவாயில்லை.
பத்துச் சுட்டிருந்தேன்.
வாளியில் ஒன்பது கூடு.

இந்த ஊரில் தோட்டா போனாலும் குற்றம்
தோட்டாவின் தோல் போனாலும் குற்றம்.
யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.
கோப்பை வாங்கியவனும் கோட்டை விட்டவனும்
ஒரே வரிசையில் மண்டியிட்டோம்.
விமான நிலையத்துக் கோ செங் வீ
முதல் பரிசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
புல்லை விரலால் வகிர்ந்தான், பேன் பார்ப்பது போல.
மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது.
எண்ணிக்கை சரியாகும்வரை
இடிக்கும் அனுமதி இல்லை என்பதுபோல
ஹிதாயா வானத்தைப் பார்த்தாள்.

நாற்பது நிமிஷம்.
முழங்காலில் செம்மண், காதுக்குள் கொசு.
வாரைக் கழற்றலாம் என்று இடுப்பில் கை வைத்தபோது
வேக நிரப்பி வைக்கும் தோல்பை
மூடி திறந்தே கிடந்தது.
உள்ளே ஏதோ சில்லென்று.

எப்போது விழுந்ததோ.
ஒரு கணம் யாரிடமும் சொல்லவில்லை.
உள்ளங்கையில் உருட்டினேன்.
முகர்ந்தால் தீபாவளி மறுநாள் வாசல்.
பிறகு கையைத் தூக்கினேன்.
பதின்மூன்று பேர் எழுந்து
மூன்று மொழிகளில் திட்டினார்கள்.

திங்கட்கிழமை. 417. ஐந்து. கையெழுத்து.
பிடோக்கில் பதினொன்றரை மணிக்கு
ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள்.
கையில் பை,
பையில் வெங்காயத் தாள்.
கழிப்பறை எந்தப் பக்கம் என்றாள்.

இடக்கையால் வழி காட்டினேன்.
வலக்கை இருந்த இடத்திலேயே இருந்தது.
அவள் போகும்வரை
அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
எங்காவது ஒழுகுகிறதா என்று.