பாரம்

பீடோர் செம்பனை ஆலையில்
இரவு இரண்டு மணிக்கு
என் நிரல் முந்நூற்றுப் பன்னிரண்டு பாரங்களை
ஆளில்லாமலே தயாரிக்கும்.
பெயர், ஐசி எண், குலை எடை, பிடித்தம்.
அடியில் ‘ஆட்சேபம் இல்லை’,
முன்கூட்டியே.

தணிக்கைக்காரர் கேட்டாராம்:
பக்கத்தில் நிரப்ப ஒரு பெட்டி வேண்டும்.
இடமிருந்து எழுபத்திரண்டு, கீழிருந்து நூற்றுப்பத்து.
நீண்ட முகவரிகள் வரிகளைக் கீழே தள்ள,
பெட்டி மட்டும் அசையாமல்
மேனேஜர் கையெழுத்தின்மேல் உட்கார்ந்திருந்தது.
சிரித்தேன். நகர்த்தினேன்.

கைப்பேசிகளிலிருந்து திரும்பியவற்றில்
முந்நூற்றுப் பதினொன்று வெறும் பெட்டி.
மாரிக்கண்ணு த/பெ வீரையன் மட்டும்:

“தராசு சரியில்லை என்று போன மாசமே கிராணிகிட்ட சொன்னே”

அதோடு நிற்கிறது.
அவளுக்குச் சொல் தீரவில்லை,
நான் விட்ட இடம் தீர்ந்தது.
ஐம்பது எழுத்து போதும் என்று வைத்தவள் நான்தான்;
கொம்புக்கும் புள்ளிக்கும்கூடத் தனித்தனியே
பிடித்தம் போட்டிருக்கிறது கணினி.
சொன்னேனா, சொன்னேனேவா,
சொன்னேன் ஆனால் என்றா?

மணி ஒன்று ஐம்பது.
எழுத்துக் கணக்கை அழித்தேன்.
பல வரி என்பதை ஆம் என்றேன்.
பெட்டியைப் பாதித் தாளுக்கு இழுத்துவிட்டதில்
‘ஆட்சேபம் இல்லை’க்கு
இடமில்லாமல் போய்விட்டது.
யாரையும் கேட்கவில்லை.

இரண்டு அடித்தது.
ஒவ்வொன்றாக
இறங்கத் தொடங்கியது பாரம்.